உஷார்! அந்த வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஒருவர்தான் நிஜம்

உங்களைக் கேட்காமலே உங்கள் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்திருக்கிறதா? பெயரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு புரோக்கரேஜ் நிறுவனம், அதன் பின்னால் ‘விஐபி’ என்றோ ‘எலீட்’ என்றோ ஓர் ஒட்டு, அட்மின் படத்தில் கோட்டு சூட்டு போட்ட ‘புரொஃபசர்’, உறுப்பினர்கள் நூறு நூற்றைம்பது பேர்? அப்படியென்றால் அதில் ஒரு வார்த்தைகூடப் பதில் போடாமல் முதலில் இதைப் படித்து முடியுங்கள்.

போலி டிரேடிங் ஆப் மோசடி புதிதல்ல. பேப்பரில் அடிக்கடி வருகிறது, வங்கி எஸ்எம்எஸ் அனுப்பி எச்சரிக்கிறது, போலீஸ் வீடியோ போடுகிறது. ஆனாலும் டாக்டர், ஆடிட்டர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஐடி ஊழியர் என்று விவரம் தெரிந்தவர்களும் வரிசையாக மாட்டுகிறார்கள். ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஊர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பு தவறு, ஆபத்தும்கூட என்பேன். பேராசைக்காரர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நம்புகிறவர், தனக்குப் பேராசை இல்லை என்ற தைரியத்திலேயே அசந்துபோகிறார். இந்த மோசடிக்கு ஆசை ஒரு நுழைவாயில்தான். உள்ளே வேலை செய்வது வேறு. நம் எல்லோர் மூளையிலும் இருக்கிற, அன்றாடம் நமக்கு உதவவும் செய்கிற சில குறுக்குவழிகள். உளவியலில் ‘காக்னிட்டிவ் பயஸ்’ என்பார்கள். மனச்சாய்வு என்று வைத்துக்கொள்வோம். மோசடிக் கும்பல் அந்தச் சாய்வுகளை ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல் பயன்படுத்துகிறது.

குழுவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்பே ‘குட் மார்னிங் ஃபேமிலி’. சந்தை திறந்த சற்று நேரத்தில் புரொஃபசர் ஒரு பங்கின் பெயரைச் சொல்கிறார். பதினொரு மணிக்குள் ஸ்கிரீன்ஷாட் மழை. ஒருவருக்கு 18,000, இன்னொருவருக்கு 42,000. ‘சார், பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டிட்டேன், உங்களுக்குக் கோடி நன்றி’ என்று ஓர் அம்மா. இடையில் ஒருவர், ‘எனக்கு என்னமோ பயமா இருக்கு, இதெல்லாம் உண்மைதானா?’ என்கிறார். உடனே நான்கைந்து பேர், ‘நானும் முதல்ல அப்படித்தான் பயந்தேன், சின்னதா போட்டுப் பாருங்க’ என்று தைரியம் சொல்கிறார்கள். உங்கள் மனதில் இருந்த சந்தேகத்தை யாரோ கேட்டுவிட்டார், பதிலும் வந்துவிட்டது. நிம்மதி.

அந்தச் சந்தேகப் பேர்வழியும் அவர்கள் ஆள்தான். பயந்தவர், தைரியம் சொன்னவர், ஃபீஸ் கட்டிய அம்மா எல்லாமே ஒரே கும்பல் கையில் இருக்கிற நம்பர்கள். அந்தக் கூட்டத்தில் நிஜமான மனிதர் நீங்கள் ஒருவராக இருக்கலாம், மிஞ்சிப்போனால் உங்களைப் போல இன்னும் சிலர்.

இந்த ஏற்பாடு என்னைத் திடுக்கிட வைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஏறக்குறைய இதே காட்சியைச் சோதனைக்காக அமைத்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம்? அவ்வளவுதான் கேள்வி. தனியாக உட்கார வைத்துக் கேட்டால் தவறு என்பதே அனேகமாக இல்லை, நூறு பதிலில் ஒரு தவறுகூடத் தேறாது. ஆனால் அறையில் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்தார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் சொல்லிவைத்த ஆட்கள். அவர்கள் வரிசையாக, சத்தமாக, கூசாமல் ஒரே தவறான கோட்டைச் சொன்னார்கள். கடைசிப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிஜ மாணவனின் முறை வந்தது. கண்ணுக்கு எதிரே சரியான விடை இருந்தும், நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கூட்டம் தவறாகச் சொன்ன சுற்றுகளில் கிடைத்த பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படித் தடம் மாறியது.

அங்கே பணம் இல்லை, ஆசை இல்லை, பயமுறுத்தவும் யாரும் இல்லை. ஒரு கோட்டின் நீளத்துக்கே இந்தப் பாடு. பங்குச் சந்தை போல நமக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்கும் விஷயத்தில் நூறு பேர் ஒரே குரலில் பேசினால் என்ன ஆகும்? ஊரோடு ஒத்து வாழச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தக் குணத்தையே இங்கே விலைபேசுகிறார்கள்.

ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். சொல்லிவைத்த ஆட்களில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். நிஜ மாணவனின் தவறுகள் ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்துவிட்டன. மாற்றிச் சொல்ல ஒரே ஒரு குரல் போதும். அதனால்தான் இந்தக் கும்பல்கள் தவறாமல் ஒரு கட்டளை போடுகின்றன: ‘இது ரகசிய வாய்ப்பு, வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம்.’ இந்த வாக்கியம் எங்கே வந்தாலும், எவ்வளவு மரியாதையாக வந்தாலும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆப். அவர்கள் அனுப்பும் லிங்க்கில் இருந்து இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பார்க்க அசல் போலவே இருக்கும், விலை ஏறி இறங்கும், சிவப்பும் பச்சையும் மின்னும். முதலில் 5,000 ரூபாய் போடுவீர்கள். இரண்டு மூன்று நாளில் 6,500 ஆகும். எடுத்துத்தான் பார்ப்போமே என்று எடுப்பீர்கள். உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் நிஜமாகவே வந்துவிடும். ‘சோதித்துப் பார்த்துவிட்டேன், இது ஃபிராடு இல்லை’ என்று மனம் முத்திரை குத்திவிடும். என் கணிப்பில் மொத்த மோசடியிலும் ஆபத்தான கணம் இதுதான். உள்ளே போன முதல் ரூபாயைவிடத் திரும்பி வந்த முதல் ரூபாய்தான் ஆளை விழுங்குகிறது.

ஏன் என்று புரிந்துகொள்ள 1960இல் பீட்டர் வேசன் என்ற ஆய்வாளர் லண்டனில் நடத்திய ஓர் எளிய சோதனை உதவும். 2, 4, 6. இந்த எண்கள் ஒரு விதிப்படி இருக்கின்றன, வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் 8, 10, 12 என்றார்கள். ‘சரி’ என்றார். 20, 22, 24. ‘சரி.’ இரண்டிரண்டாகக் கூடும் எண்கள், இதுதான் விதி என்று அடித்துச் சொன்னார்கள். தவறு. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும் என்பதே விதி. 1, 2, 17 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் எண்ணத்தை உடைக்கக்கூடிய கேள்வியை மனம் எளிதில் கேட்பதில்லை. உறுதிசெய்யும் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, வரும் ஒவ்வொரு ‘சரி’யையும் ஆதாரமாக அடுக்கிக்கொள்கிறது.

1,500 ரூபாய் லாபத்தோடு பணம் திரும்பி வருவதும் அப்படிப்பட்ட ஒரு ‘சரி’தான். நேர்மையான நிறுவனமும் அதைக் கொடுக்கும், பிற்பாடு முப்பது லட்சம் சுருட்ட நினைப்பவனும் கொடுப்பான். இருவருமே தேறிவிடும் பரீட்சையை வைத்து என்ன பயன்? மோசடிக்காரனால் தேறவே முடியாத பரீட்சையை வைக்க வேண்டும். அப்படி ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இதே போன்றதொரு ஆப்பில் லாபம் பார்த்துப் பூரித்திருந்த சமயம். ஊருக்கு வந்திருந்த மகள் எதிர்த்துப் பேசவில்லை, அதட்டவில்லை. “அப்பா, மாசாமாசம் உங்க மெயிலுக்கு டிமேட் ஸ்டேட்மென்ட் வருமே, அதுல இந்தப் பங்கு ஏறியிருக்கா?” என்று மட்டும் கேட்டாள். “அது லேட்டா வரும்னு புரொஃபசர் சொல்லியிருக்காரும்மா.” “சரிப்பா, புரொஃபசர் சொல்றது இருக்கட்டும், நாம ஒரு தடவை திறந்து பார்த்துடுவோம்.” திறந்தார்கள். பல வருஷமாக வைத்திருந்த பழைய பங்குகள் மட்டும் இருந்தன. ஆப்பில் ஜொலித்த ஒன்றுகூட இல்லை. அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். அதற்குமேல் ஒரு பைசா அனுப்பவில்லை.

இந்தியாவில் நீங்கள் வாங்கிய பங்கு என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். என்எஸ்டிஎல்லின் ‘ஐடியாஸ்’, சிடிஎஸ்எல்லின் ‘ஈஸி’ ஆகியவற்றில் நீங்களே நுழைந்து பார்க்கலாம். அங்கே இல்லாத பங்கு உங்களிடம் இல்லை. ஆப்பில் எத்தனை பச்சை எரிந்தாலும் இல்லை.

இனி அவர்கள் பெரிய தொகைக்கு வருவார்கள். ‘ஐபிஓ வருகிறது, நமக்கு இன்ஸ்டிடியூஷனல் கணக்கு இருப்பதால் அலாட்மென்ட் உறுதி’ என்பார்கள். அசல் ஐபிஓவில் உங்கள் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படுமே தவிர முன்கூட்டி வெளியே போகாது. பங்கு கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்வார்கள், இல்லையேல் முடக்கம் நீங்கும். சிறு முதலீட்டாளர் பிரிவில் விண்ணப்பம் நிரம்பி வழிந்தால் கம்ப்யூட்டர் குலுக்கல்தான், யாராலும் யாருக்கும் உறுதி தர முடியாது. இவர்களோ, ‘உங்களுக்கு 40 லட்சத்துக்கு அலாட் ஆகிவிட்டது, நாளை மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் கணக்கு முடங்கும்’ என்று நெருக்குவார்கள். அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஒருநாள் ஏதோ டிரேடர்ஸ், மறுநாள் ஏதோ டெக்ஸ்டைல்ஸ், அதற்கு மறுநாள் யாரோ ஒரு தனிமனிதர். செபியில் பதிவுபெற்ற எந்தப் புரோக்கரும் இப்படித் தினம் ஒரு கணக்கில் பணம் வாங்குவதில்லை.

நகை, எஃப்டி, பிஎஃப் எல்லாம் உள்ளே போன பிறகு ஆப்பில் இருப்பு 84 லட்சம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கப் போனால், ‘முதலில் 12 லட்சம் வரி கட்டுங்கள்’ என்பார்கள். சாதாரண நாளில் 12 லட்சம் என்றால் நமக்குத் தலை சுற்றும். இப்போது அது சிறிதாகத் தெரியும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சுழல்சக்கரம் வருகிறது. 0 முதல் 100 வரை எண்கள் இருந்தாலும் 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி அதைத் திருகி வைத்திருந்தார்கள். சக்கரம் நின்ற பிறகு, ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்கள் கணித்த நடுமதிப்பு 25, 65ஐப் பார்த்தவர்கள் கணித்தது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதைத் தன்பக்கம் இழுத்துவிட்டது. ஆப்பில் மின்னும் 84 லட்சமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பங்கு லாபத்துக்கான வரியை நீங்கள்தான் கணக்கிட்டு நேராக வருமான வரித்துறைக்குக் கட்டுகிறீர்கள். உங்கள் பணத்தை நீங்கள் எடுக்க முன்வரி கட்டு என்று எந்த அசல் புரோக்கரும் கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால், ‘அந்த 12 லட்சத்தை என் 84 லட்சத்திலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். பதில் மழுப்பலாக வரும், அடுத்து மிரட்டலாக மாறும்.

இந்த இடத்தில்தான் பலர் கடன் வாங்கத் தொடங்குகிறார்கள். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு வேறு கணக்கு. ‘30 லட்சம் போட்டாச்சு, இப்போ விட்டா அத்தனையும் போச்சு.’ விட்டதைப் பிடிக்கப் போய் இருப்பதையும் விடுவது சீட்டாட்ட மேஜைக்கு மட்டும் உரியதல்ல. கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கியது இதைத்தான். லாபத்தின் இனிப்பைவிட நஷ்டத்தின் வலி நமக்குப் பெரிது. நஷ்டத்தில் நிற்கும் மனிதன், அதை ஏற்றுக்கொள்வதைவிட இன்னும் பெரிய ஆபத்தில் குதிக்கத் துணிகிறான். போலி ஆப்பில் மட்டுமல்ல, சட்டப்படியான சந்தையிலும் இதே கதை நடக்கிறது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் பற்றி செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்தடுத்த வருடங்களில் நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். யூடியூபில் கார் சாவியோடு பேசுவது அந்த 1 சதவீதம்தான். மீதிப் பேர் வீடியோ போடுவதில்லை, அதனால் அவர்கள் நம் கணக்கில் வருவதே இல்லை.

அதிகாரத்துக்குப் பணியும் சாய்வு தனி ரகம். அதிகாரிகள் போல வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. 2024இல் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், அப்போது அவருக்கு 82 வயது, சிபிஐ அதிகாரிகள் போல் நடித்து, வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். ஒரு பெரும் தொழில் சாம்ராஜ்யத்தை நடத்தியவர் அவர். டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீடியோ காலில் எந்த அதிகாரியும் யாரையும் கைது செய்ய முடியாது. அழைப்பைத் துண்டிப்பது குற்றமும் அல்ல.

‘சரி, இப்போது இதெல்லாம் தெரிந்துகொண்டேன், இனி ஏமாற மாட்டேன்’ என்று தோன்றுகிறதா? என் பெரிய கவலையே அந்த நினைப்புதான். எமிலி ப்ரோனின் என்பவரும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் இந்தச் சாய்வுகளை மற்றவர்களிடம் தெளிவாகப் பார்க்கிறார்கள், தங்களிடம் மட்டும் குறைவு என்று நம்புகிறார்கள் என்று கண்டார்கள். 2012இல் வெஸ்ட், ஸ்டானோவிச் குழுவினர் செய்த ஆய்வில், அறிவுக்கூர்மை கூடினாலும் இந்தக் குருட்டுப்புள்ளி சுருங்கவில்லை. வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்து 2002இல் நோபல் பரிசு பெற்ற கானமனே, பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் தன் உள்ளுணர்வு பழையபடியே தடுக்கி விழுவதாக எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால், ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களும் நானும் மாறிவிடுவோமா?

ஆகவே மனதை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். அதுவும் மனம் அமைதியாக இருக்கும் இன்றைக்கே செய்து வைக்க வேண்டிய ஏற்பாடு. குடும்பத்தில் ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள், 25,000 என்று வைப்போம். அதற்கு மேல் முன்பின் தெரியாத கணக்குக்குப் போகும் எந்தப் பணமும் இன்னொருவர் காதில் விழாமல், ஓர் இரவு தாண்டாமல் போகக் கூடாது. அந்த இன்னொருவர் பங்குச் சந்தை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. மனைவி, தம்பி, கல்லூரிக்குப் போகும் மகன், யாராகவும் இருக்கலாம். அந்தக் குழுவில் இல்லாதவராக இருந்தால் போதும். ஆஷின் அறையில் சரியான கோட்டைச் சொன்ன அந்த ஒரு குரலின் வேலை அவருக்கு. வங்கி ஆப்பில் தினசரிப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள், அவசரத்தில் கை நீண்டாலும் தொகை நீளாது. வாட்ஸ்அப் பிரைவசி அமைப்பில் ‘குரூப்ஸ்’ பகுதியை ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றிவிட்டால் முகம் தெரியாதவர்கள் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாது. அரை நிமிட வேலை, இப்போதே செய்யுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவோ அண்ணனோ மாட்டிக்கொண்டது தெரிந்தால் ‘படிச்ச மனுஷனுக்கு இது தெரியாதா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் முதல் இரண்டு லட்சம் போனதைச் சொல்லாமல் மறைத்து, அடுத்த இருபது லட்சத்தை இழக்கிறார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடுகிறது.

பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிமாற்ற எண், தேதி, நேரம், பணம் போன கணக்கு எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அந்தப் பணம் வெளியே எடுக்கப்படும் முன் வங்கிகள் முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள், உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுங்கள். சில வாரம் கழித்து, ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், 15,000 கட்டணம்’ என்று வக்கீல் பெயரிலோ சைபர் நிபுணர் பெயரிலோ ஓர் அழைப்பு வரக்கூடும். பணத்தைப் பறிகொடுத்தவர்களின் நம்பர் பட்டியலும் இவர்களுக்குள் கைமாறுகிறது. அந்த அழைப்பில் பேச்சு வளர்க்காமல் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் அதே புகாரில் சேருங்கள்.